மௌனக் குறும்படங்களில் ஸ்லாப்ஸ்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மௌன நகைச்சுவைக் குறும்படங்களை நண்பர்கள் சிலர் சேர்ந்து திரையிட்டு வருகிறோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் தந்திருக்கிறேன். பெரும்பாலும் 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த ஒரு ரீல், இரண்டு ரீல் படங்களைப் பற்றியவை இவை.

ஸ்லாப்ஸ்டிக்னா என்னங்க? கீழ விழறதும் அடி வாங்கறதும்தானா?

உடம்பை வைத்துச் செய்யும் நகைச்சுவை அது. விழுவது, மோதுவது, துரத்துவது, ஏணியும் கதவும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது எல்லாம் அதில் சேரும். ஆனால் ஒருவர் சும்மா விழுந்தால் யாரும் பெரிதாகச் சிரிப்பதில்லை. அவர் விழப்போவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் 1895-இல் காட்டிய ஒரு நிமிடத்துக்கும் குறைவான படத்திலேயே இது முழுசாக இருக்கிறது. தோட்டக்காரர் குழாயில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வந்த பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றதும் அவர் குழாயின் வாயை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகத்தில் தண்ணீர் அடிக்கும் நொடியை விட, அவர் குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் அந்த இரண்டு நொடிதான் சிரிப்பு. பின்னால் வந்த பெரிய கலைஞர்கள் எல்லோரும் அந்த இரண்டு நொடியை நீட்டியும் மடக்கியும்தான் வேலை செய்தார்கள்.

எல்லாம் இருபது நிமிஷத்துலயே முடிஞ்சிடுதே, பட்ஜெட் இல்லையா?

ரீல் கணக்குதான் காரணம். ஒரு ரீலில் சுமார் 1000 அடி பிலிம் இருக்கும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். நொடிக்கு 16 பிரேம் வீதம் ஓட்டினால் ஒரு ரீல் பதினாறு நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும், 24 வீதம் ஓட்டினால் பதினொரு நிமிடம். அன்றைய தியேட்டரில் செய்திப் படம், ஒரு ரீல் அல்லது இரண்டு ரீல் நகைச்சுவை, அப்புறம் முக்கியப் படம் என்று கலந்து போடுவார்கள். அந்த இடத்துக்கு அளந்து செய்யப்பட்டவை இவை.

இந்த அளவு கலைக்கும் நல்லதாகவே அமைந்தது என்பது என் எண்ணம். ஒரு வீடு, ஒரு படகு, ஒரு அடகுக்கடை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ள இருபது நிமிடம் சரியான நேரம்.

ஏன் எல்லாரும் இப்படி படபடன்னு ஓடறாங்க? அப்ப மனுஷங்க அப்படியா நடந்தாங்க?

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கேமராவைக் கையால் சுற்றிய காலம் அது. துரத்தல் காட்சி என்றால் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள். குறைந்த பிரேமில் எடுத்ததை வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது ஆட்கள் பறப்பார்கள். அது கலைஞர்களே கேட்டு வாங்கிய வேகம்.

இன்னொன்று பின்னால் வந்த கோளாறு. பேசும் படம் வந்து நொடிக்கு 24 பிரேம் என்று நிலைத்த பிறகு, பழைய படங்களையும் அதே வேகத்தில் ஓட்டினார்கள். நிதானமாக நடக்க வேண்டியவர் கூட அதில் துள்ளுகிறார். ஒருவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வதே வெட்டி இழுப்பது போலத் தெரிந்தால் அந்தப் பிரதியின் வேகம் சரியில்லை என்று பொருள். ஓரளவுத் துள்ளல் மட்டும் இருந்தால் அது இயல்பு.

யூடியூப்ல ஒரே படத்துக்கு பத்து பிரதி இருக்கு. எதைப் பாக்கறது?

அமெரிக்காவில் 1929-க்குள் வெளியான படங்களுக்கு அங்கே காப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஏற்றுகிறார்கள். முதலில் வேகத்தைப் பாருங்கள் (முந்தைய பதில்). அப்புறம் சட்டகத்தின் ஓரங்களைப் பாருங்கள். தலையோ காலோ வெட்டுப்பட்டிருந்தால் மூடிவிடலாம். கைபேசிக்காக நெடுக்குவாக்கில் வெட்டிய துண்டுகள் படத்தையே கொன்றுவிடுகின்றன. ஏன் என்பதைக் கேமரா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பாரிஸின் லாப்ஸ்டர் பிலிம்ஸும் இத்தாலியின் பொலோன்யா திரைப்பட ஆவணக் காப்பகமும் சாப்ளின், கீட்டன் குறும்படங்களைப் பல பிரதிகளிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து மீட்டெடுத்திருக்கின்றன. அந்தப் பிரதி கிடைத்தால் அதுவே போதும். சாப்ளின் நடித்தவற்றில் 1914-இல் வந்த 'ஹெர் பிரெண்ட் தி பேண்டிட்' மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

சத்தமே இல்லாம தியேட்டர்ல எப்படி உக்காந்திருந்தாங்க?

தியேட்டர் என்றும் மௌனமாக இருந்ததில்லை. சின்னக் கொட்டகையில் ஒரு பியானோ, பெரிய அரங்கில் ஆர்கனோ இசைக்குழுவோ இருக்கும். விழும்போது டிரம்மில் ஒரு தட்டு. எல்லாவற்றுக்கும் மேல் கூட்டத்தின் சிரிப்பு. தனியாகக் காதில் ஹெட்போன் மாட்டிப் பார்ப்பவர்கள் "சுமார்தான்" என்று சொன்ன அதே படத்துக்கு, நாற்பது பேர் உட்கார்ந்த அறையில் கூரை அதிர்வதைப் பார்க்கலாம்.

குழந்தைங்களோட பாக்கணும், எதுல ஆரம்பிக்கலாம்?

பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920). இதில் எனக்குத் தயக்கமே இல்லை. புதுமணத் தம்பதிக்கு, பெட்டி பெட்டியாக வரும் பாகங்களைக் கொண்டு தாங்களே கட்டிக்கொள்ளும் வீடு பரிசாகக் கிடைக்கிறது. மணப்பெண்ணைக் கட்டிக்கொள்ள முடியாத ஆத்திரத்தில் ஒருவன் பெட்டிகளின் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறான். வீடு கோணல் மாணலாக எழுந்து நிற்கிறது. புயல் வந்து அதைச் சுழற்றுகிறது. கடைசியில், கட்டியதே அடுத்தவர் மனையில் என்று தெரிந்து, வீட்டை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கப் பார்க்கிறார்கள்.

முதல் தடவை பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். வீடு தண்டவாளத்தின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று அவர்களும் நாமும் மூச்சு விடும்போது எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்குகிறது. அது நிஜ ரயில், நிஜமான மோதல். கீட்டன் என்ன செய்கிறார்? 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையை வைத்து, வீடு கட்டும் செய்முறைத் தாளையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுகிறார்.

அடுத்து சாப்ளின் 1916, 1917-இல் மியூச்சுவல் நிறுவனத்துக்குச் செய்த பன்னிரண்டு இரண்டு ரீல் படங்கள். சக்கரக் காலணிக்காக 'தி ரிங்க்', பயில்வான் போன்ற எரிக் காம்பெல்லுக்காக 'ஈஸி ஸ்ட்ரீட்'. பிறகு லாரல்-ஹார்டி.

கீஸ்டோன், கீஸ்டோன்னு புகழறாங்க. பாத்தேன். ஒரே ஓட்டம், சிரிப்பே வரல.

வராவிட்டால் குற்றமில்லை. மேக் சென்னட் 1912-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஈடன்டேலில் தொடங்கிய கம்பெனி அது. வாராவாரம் படம் தள்ளியாக வேண்டும். அதனால் பல படங்களில் ஒரு சண்டை, ஒரு துரத்தல், ஏரியில் விழுதல் என்று முடிந்துவிடுகிறது. முதல் பதிலில் சொன்ன அந்த இரண்டு நொடிக் காத்திருப்புக்கு அங்கே நேரமே இல்லை. போலீஸ்காரர்கள் ஒரே வண்டியிலிருந்து கொத்தாக உதிர்வதை ஒருமுறை பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை விடாமல் பாருங்கள்: 1914 பிப்ரவரியில் வெளியான 'கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்'. கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரை ஊரில் நிஜமாக நடந்த குழந்தைகள் கார் பந்தயத்தில் போய் எடுத்தார்கள். பந்தயத்தைப் படம் பிடிக்க ஒரு கேமரா. அதன் குறுக்கே வந்து வந்து நிற்கும் ஓர் ஆள். அவ்வளவுதான் கதை. தொளதொள பேன்ட், இறுகிய கோட்டு, கைத்தடியோடு சாப்ளினின் நாடோடி வேடத்தை ரசிகர்கள் முதலில் திரையில் பார்த்தது இதில்தான். பின்னால் நிற்கும் கூட்டம் வாடகைக்கு வந்ததில்லை. யார் இந்த ஆள் என்று முதலில் புரியாமல் பார்த்து, பிறகு ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்குவது படத்திலேயே பதிவாகியிருக்கிறது.

விழும்போது நிஜமாவே அடி படாதா? டூப் போட்டாங்களா?

பெரும்பாலும் அவர்களே விழுந்தார்கள். விழுவது ஒரு வித்தை, சிறு வயதிலிருந்து கற்றது. கீட்டன் குழந்தையாக இருக்கும்போதே அப்பா அம்மாவோடு மேடையேறியவர். அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் ஆட்டமே. எறிய வசதியாக உடையில் பெட்டியின் கைப்பிடி தைத்திருந்தார்கள். எந்த நொடியில் உடம்பைத் தளர்த்துவது, எந்தக் கையை முதலில் ஊன்றுவது என்பது எழுத்துப் பழகும் வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது.

அடி படாமலும் இல்லை. 1921-இல் 'தி எலெக்ட்ரிக் ஹவுஸ்' எடுக்கும்போது நகரும் படிக்கட்டில் மாட்டி கீட்டனின் கணுக்கால் முறிந்தது. படத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் எடுத்து 1922-இல் வெளியிட்டார்கள். 'ஈஸி ஸ்ட்ரீட்'டில் தெருவிளக்குக் கம்பம் சாய்ந்து சாப்ளினின் மூக்கில் தையல் போடும்படி ஆனது. அன்றைய இன்னொரு பெரிய நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிடுக்கு நேர்ந்ததுதான் மிகப் பெரியது. 1919 ஆகஸ்டில் விளம்பரப் புகைப்படத்துக்காக, பொம்மை என்று நினைத்து ஒரு வெடிகுண்டைக் கையில் பிடித்தார். அது வெடித்து வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. அதன் பிறகு வந்த படங்களில் அவர் கையில் இருப்பது அந்தக் குறையை மறைக்கச் செய்த கையுறை.

அப்ப லாயிட் பில்டிங்ல தொங்கறதும் நிஜமா? கிராபிக்ஸ் இல்லாத காலமாச்சே?

உயரம் நிஜம், கோணம் தந்திரம். உயரமான கட்டடத்தின் கூரையிலோ மேட்டிலோ செட் போட்டு, கேமராவை ஒரு பக்கமாக வைத்தார்கள். அவருக்குச் சற்றுக் கீழே மெத்தை போட்ட மேடை இருக்கும். அது சட்டகத்துக்குள் வராது. அதற்கும் கீழே தெரியும் தெருவும் டிராம் வண்டிகளும் உண்மையானவை. தூரத்திலிருந்து எடுத்த ஏறும் காட்சிகளில் சில நேரம் வேறு ஆட்களும் உதவினார்கள். ஆனால் முகம் தெரியும் ஷாட்களில், இரண்டு விரல் இல்லாத கையோடு பிடித்துத் தொங்குவது அவரேதான்.

குறும்படத்தில் பார்க்க வேண்டுமென்றால் 'நெவர் வீக்கன்' (1921), மூன்று ரீல். கட்டி முடியாத கட்டடத்தின் இரும்புச் சட்டங்களில் நடக்கிறது. தற்கொலை முயற்சியை வேடிக்கையாக்கும் பகுதி ஒன்று நடுவில் வருவதால் சிறு பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம்.

ஒரே ஷாட்ல ஒம்பது கீட்டன் வர்றாரே, அது எப்படி?

'தி பிளேஹவுஸ்' (1921). கணுக்கால் முறிந்திருந்ததால் (மேலே சொன்னது) குதிக்காமல் செய்யக்கூடிய படம் தேவைப்பட்டது. லென்ஸின் முன்னால் திறந்து மூடும் தடுப்புகளை வைத்து, ஒரு பட்டையை மட்டும் திறந்து எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பட்டையைத் திறந்து மறுபடியும் எடுப்பார்கள். இப்படி ஒன்பது தடவை. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு தடவையும் கேமராவை அச்சு மாறாமல் அதே வேகத்தில் கையால் சுற்ற வேண்டும். கீட்டன் முன்பு தான் ஆடியதோடு நொடி பிசகாமல் சேர வேண்டும். ஒன்று தப்பினால் ஒன்பதும் வீண். இதில் என்னை வியக்க வைப்பது லெஸ்லியின் கைதான்.

இவங்க ஏன் க்ளோஸ்-அப்பே வைக்கறதில்ல? முகம் சரியாவே தெரியல.

முகத்தை விட உடம்பும் அதைச் சுற்றியுள்ள இடமும் முக்கியம் என்பதால். 'ஒன் வீக்' ரயிலை நினைத்துப் பாருங்கள். வீட்டைத் தனியாக, ரயிலைத் தனியாக, முகத்தைத் தனியாக வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால், ஏதோ எடிட்டிங்கில் செய்தார்கள் என்று மனசு விலகிவிடும். வீடும் ரயிலும் ஒரே சட்டகத்தில் இருப்பதால்தான் தூக்கிவாரிப் போடுகிறது. நெடுக்காக வெட்டிய துண்டுகளை வேண்டாம் என்றது இதற்காகத்தான். ரயில் வரும் பக்கமே அதில் இருக்காது.

கேமரா சும்மா வைக்கப்பட்டது என்றும் நினைக்க வேண்டாம். சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்' (1917) தொடக்கத்தில், ஆடும் கப்பலில் அவர் கைப்பிடிமேல் குனிந்து கிடக்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது, தோள் குலுங்குகிறது. பாவம், வாந்தி எடுக்கிறார் என்று நாம் முடிவு கட்டிய பிறகு திரும்புகிறார். கையில் துடிக்கும் மீன். கேமரா இன்னும் நாலடி தள்ளி நின்றிருந்தால் இந்தச் சிரிப்பே கிடையாது. 'தி பான்ஷாப்' (1916) படத்தில் அடகுக்கு வந்த கடிகாரத்தை அவர் சோதிப்பதையும் பாருங்கள். டாக்டர் போல ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறார், தகர டப்பாவைத் திறப்பது போலத் திறக்கிறார், உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, உதிரிகளைக் கொண்டுவந்தவரின் தொப்பியிலேயே கொட்டி, வேண்டாம் என்று திருப்பித் தருகிறார். யாரும் விழவில்லை. இதுவும் ஸ்லாப்ஸ்டிக்தான்.

மூஞ்சில கிரீம் கேக் அடிக்கறது எல்லாப் படத்துலயும் இருக்கும்னாங்க. தேடினா கிடைக்கலையே?

பேச்சு அளவுக்குப் படங்களில் அது இல்லை. உண்மையில் பெரிய சண்டை வேண்டுமென்றால் லாரல்-ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927). இன்ஷூரன்ஸ் பணத்துக்காக லாரலை வழுக்கி விழவைக்க ஹார்டி வாழைப்பழத் தோலைப் போடுகிறார். கேக் கொண்டுபோகும் ஆள் அதில் வழுக்கி விழுகிறார். ஒரு தெருவே அதில் இழுபடுகிறது. சுமார் 3000 கேக்குகள் என்று சொல்வார்கள். அழகு அந்த எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு புதிய ஆளும் எப்படி, எந்த நியாயத்தோடு சண்டைக்குள் வருகிறார் என்பதில் இருக்கிறது. இரண்டாவது ரீல் பல பத்தாண்டுகளாக முழுசாகக் கிடைக்காமல் இருந்து, 2015-இல் ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தது.

லாரல் ஹார்டி ஏன் இவ்ளோ மெதுவா இருக்காங்க? தூக்கம் வருது.

அந்த மெதுவுதான் அவர்களின் கண்டுபிடிப்பு. 'பிக் பிசினஸ்' (1929) படத்தில் வெயிலடிக்கும் கலிபோர்னியாவில் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். வீட்டுக்காரராக வரும் ஜேம்ஸ் பின்லேசன் வாங்க மறுத்துக் கதவைச் சாத்துகிறார், மரம் கதவில் மாட்டுகிறது. மறுபடி மணி, மறுபடி கதவு. கடைசியில் அவர் மரத்தை வெட்டிவிடுகிறார். இவர்கள் அவர் கதவோரத்தைக் கத்தியால் கீறுகிறார்கள். அவர் ஹார்டியின் கடியாரத்தை நொறுக்குகிறார். முடிவில் அவர் இவர்களின் காரைப் பிரித்துப் போடுகிறார், இவர்கள் அவர் வீட்டையே இடிக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று: ஒருவர் அழிக்கும்போது மற்றவர் தடுப்பதே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டு, யோசித்து, அதை விடப் பெரிதாக ஒன்றைச் செய்கிறார். போலீஸ்காரரும் காரில் உட்கார்ந்தபடி நடப்பதையெல்லாம் குறிப்பெடுக்கிறார். கோபத்துக்கு இப்படி ஒரு மரியாதையான ஒழுங்கு இருப்பதுதான் வேடிக்கை. வேகமாக எடுத்திருந்தால் வெறும் அடிதடி ஆகியிருக்கும். தூக்கம் வந்தவர்கள் ஐந்தாவது நிமிடம் வரை மட்டும் பொறுத்துப் பாருங்கள்.

பெண்கள் யாருமே இல்லையா? ஹீரோவோட காதலியா மட்டும் வர்றாங்களே?

மேபல் நார்மண்டைப் பாருங்கள். கீஸ்டோனின் பெரிய நட்சத்திரம். 1914-இல் படங்களை இயக்கவும் செய்தார். புதிதாக வந்த சாப்ளின் சில படங்களில் அவர் சொன்னபடிதான் நடித்தார், அது பிடிக்காமல் தகராறும் நடந்தது. லூயிஸ் பசென்டா, ஆலிஸ் ஹாவெல் ஆகியோரும் ஆண்களுக்குச் சமமாக விழுந்து எழுந்தவர்கள். 'ஒன் வீக்'கில் சிபில் சீலியும் அழகுக்கு நிற்கவில்லை, கீட்டனோடு சேர்ந்து வீட்டையே தள்ளுகிறார். பிற்காலப் புத்தகங்கள் நாலு ஆண் பெயரோடு நிறுத்திக்கொண்டது நியாயமே இல்லை.

வடிவேலு அடி வாங்கறதும் இதே வகைதானே?

உறவு உண்டு. ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நடையும் முகமும் நிற்கும், ஆனால் பாதிச் சிரிப்பு குரலோடு போய்விடும். மௌனப் படத்தில் அந்தப் பாதியையும் உடம்பே சுமக்க வேண்டும். நாகேஷின் காட்சிகளில் சிலவற்றைச் சத்தமில்லாமலே ரசிக்கலாம். நேரடியாக இந்த மரபைத் தொட்டவர் கமல்ஹாசன்: 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் சாப்ளின் செல்லப்பா, அடுத்த ஆண்டு வசனமே இல்லாத 'பேசும் படம்'.

கறுப்பின மக்களைக் கிண்டல் செய்யற காட்சி வருதே. அதையும் கலைன்னு பாக்கணுமா?

வேண்டாம். அது அன்றைய அமெரிக்க மேடையின் அசிங்கம், படங்களுக்குள்ளும் வந்தது. நான் புகழ்ந்த அந்த ஒன்பது கீட்டன்களும் முகத்தில் கரி பூசி கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் மேடை ஆட்டத்தின் வேடத்தில்தான் வருகிறார்கள். தொழில்நுட்பத்தை வியப்பது இதை மன்னிப்பதாகாது. நாங்கள் அந்தப் படத்தைப் போடும் நாளில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம். பிள்ளைகளுக்கு முதல் படமாக அதைத் தேர்ந்தெடுக்கவே மாட்டேன்.

அடுத்தவங்க வலியைப் பாத்து சிரிக்கறது தப்பில்லையா?

வலி நிஜமாகத் தெரிந்தால் சிரிப்பு வராது. கீட்டன் விழுந்த வேகத்திலேயே எழுந்து, தூசியைத் தட்டி, அடுத்து என்ன என்று பார்க்கிறார். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் நம் பரிதாபத்தைக் கேட்கவில்லை என்பதால்தான் நமக்குச் சிரிக்க இடம் கிடைக்கிறது. யார் விழுகிறார் என்பதும் முக்கியம். 'தி இமிக்ரன்ட்'டில் சுதந்திர தேவி சிலை கண்ணில் படும் அதே நேரத்தில், பயணிகளை மாடு கட்டுவது போலக் கயிற்றால் தடுக்கிறார்கள். சாப்ளின் ஓர் அதிகாரியின் பின்பக்கத்தில் உதைக்கிறார். அந்த உதைக்குச் சிரிக்க எனக்குத் தயக்கம் இல்லை. பலவீனமானவரை அடித்துச் சிரிக்கச் சொல்லும் படங்களும் நிறைய உண்டு. அங்கே சிரிப்பு வராவிட்டால் உங்களிடம் குறை இல்லை.

இவ்ளோ நல்லா இருந்தது, பேச்சு வந்ததும் ஏன் நின்னு போச்சு?

சத்தத்தைப் பதிய ஆரம்பித்தபோது கேமராவின் இரைச்சல் கேட்கக் கூடாது என்று அதைப் பெட்டிக்குள் அடைத்தார்கள். நடிகர்கள் மைக்கின் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஓடவும் ஏறவும் விழவும் இடம் போயிற்று. கையால் சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் போயிற்று. கீட்டன் 1928-இல் பெரிய ஸ்டூடியோவான எம்ஜிஎம்மில் சேர்ந்த பிறகு, இடத்திலேயே யோசித்து எடுக்கும் சுதந்திரமும் அவருக்கு இல்லாமல் ஆனது.

ஆனாலும் உடனே நிற்கவில்லை. லாரலும் ஹார்டியும் பேசத் தொடங்கிய பிறகும் தங்கள் வேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நீளமான படிக்கட்டில் ஒரு பியானோவை ஏற்றும் 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) குறும்பட நகைச்சுவைக்கான ஆஸ்கர் வாங்கியது. 'பிக் பிசினஸ்' பார்த்த கையோடு அதையும் பாருங்கள். பேச்சு எவ்வளவு குறைவாக வருகிறது, உருண்டு போகும் பியானோ ஒவ்வொரு படியிலும் எழுப்பும் சத்தத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனியுங்கள்.